பரீட்சை எழுதியவளுக்கு 'ஆப்சென்ட்': கல்லூரிக் குறைதீர்ப்புக் குழுவுக்கு என் மார்க்

எம்.எஸ்சி. கணிதம், இரண்டாம் செமஸ்டர். ரிசல்ட்டில் நான்கு பேப்பர் பாஸ். டோப்பாலஜிக்கு நேராக மட்டும் 'ஆப்சென்ட்'. மூன்று மணி நேரம் உட்கார்ந்து, அடிஷனல் ஷீட் வேறு வாங்கி எழுதிய பேப்பர் அது. ஃபெயில் என்றிருந்தால் அரியர் எழுதித் தொலைத்திருப்பேன். வரவே இல்லை என்றதைத்தான் பொறுக்க முடியவில்லை.

எங்களுடையது தன்னாட்சிக் கல்லூரி. தேர்வு நடத்துவது, திருத்துவது எல்லாம் ஒரே வளாகத்தில்தான். அப்படியும் முதல் பத்து நாள் வீண். ஹெச்.ஓ.டி. "கண்ட்ரோலர் ஆபீஸ்ல கேளும்மா" என்றார். தேர்வுகளைக் கவனிக்கும் அந்த ஆபீஸுக்குப் போனால் "டிபார்ட்மென்ட் லெட்டர் கொண்டா". கல்லூரி இணையதளத்தில் 'கிரீவன்ஸ்' என்று ஒரு படிவம் இருந்தது. நிரப்பி அனுப்பினால் "உங்கள் பதில் பதிவானது" என்று ஒரு வரி வந்தது. புகார் எண்ணும் கிடையாது, மெயிலும் கிடையாது. அந்தப் படிவத்துக்குப் பூஜ்ஜியம்.

நூலகத்தில் பக்கத்து மேசையில் உட்காரும் பிஎச்.டி. அக்காதான் சொன்னார்: "வாயால சொல்லிட்டு அலையாத. எழுதிக் குடு, சீல் வாங்கு." பல்கலைக்கழக மானியக் குழு (யூ.ஜி.சி.) 2023 ஏப்ரலில் வெளியிட்ட மாணவர் குறைதீர்ப்பு விதிமுறைகளையும் போனில் காட்டினார். ஒவ்வொரு கல்லூரியிலும் பேராசிரியர் ஒருவர் தலைமையில் குழு இருக்க வேண்டும். புகார் கைக்கு வந்ததிலிருந்து கூடுமானவரை 15 வேலை நாட்களுக்குள் அறிக்கை, அதன் நகல் மாணவருக்கும். முடிவு சரியில்லை என்றால் 15 நாளுக்குள் பல்கலைக்கழகம் நியமித்த ஓம்பட்ஸ்பர்சனிடம், அதாவது குறைகேட்பு அதிகாரியிடம், மேல்முறையீடு. ஓய்வுபெற்ற துணைவேந்தரோ, பேராசிரியரோ, முன்னாள் மாவட்ட நீதிபதியோ அந்தப் பொறுப்பில் இருப்பார். ஆனால் மார்க் குறைந்துவிட்டது, மறுபடி திருத்துங்கள் என்று மட்டும் அவரிடம் போக முடியாது. முறைகேடு நடந்தது, பாகுபாடு காட்டினார்கள் என்று குறிப்பாகச் சொல்ல வேண்டும்.

குழுவுக்கு நான் எழுதிய கடிதம் ஒரே பக்கம். தேதி, பேப்பர் கோட், ஹால் எண், இருக்கை எண். 'அன்றைய வருகைத் தாளில் என் கையெழுத்தும் விடைத்தாள் எண்ணும் இருக்கின்றன, எடுத்துப் பாருங்கள்' என்ற வரிக்கு மட்டும் அடிக்கோடு போட்டேன்.

தபால் பிரிவு அண்ணன் "பிரின்சிபால்ட்ட நேரா குடுத்துரும்மா, சீல் எதுக்கு?" என்றார். நான் நகரவில்லை. அவர் சாப்பிட்டுவிட்டு வந்த பிறகு, என் நகலில் வரவு எண்ணோடு சீல் விழுந்தது.

ஒன்பதாவது வேலை நாள் கூப்பிட்டார்கள். வேண்டுமானால் நமக்காகப் பேச இன்னொருவரையும் அனுப்பலாம் என்று விதியில் இருக்கிறது. நான் தனியாகவே போனேன். தலைவர் "இதுக்குப் போய் எழுத்துல குடுக்கணுமா?" என்று சலித்துக்கொண்டார். குழுவில் இருந்த ஒரு மேடம்தான் "அந்த ஷீட்டை எடுத்துட்டு வரச் சொல்லுங்க" என்றார். அரை மணி நேரத்தில் வந்துவிட்டது. எனக்கு அடுத்த எண்காரன் அன்று வரவில்லை. அவனுக்குப் போட வேண்டிய 'ஆப்சென்ட்' கணினியில் ஏற்றும்போது ஒரு வரி மேலே ஏறி என் தலையில் விழுந்திருக்கிறது. பத்து நாள் என்னை அலையவிட்ட கண்ட்ரோலர் ஆபீஸ் அலமாரியில்தான் அந்தத் தாளும் இருந்திருக்கிறது.

பன்னிரண்டாவது வேலை நாள் அறிக்கை கையில். திருத்திய ரிசல்ட் வர மேலும் மூன்று வாரம்.

குழுவுக்கு 5-க்கு 3 தருகிறேன். விசாரணை நேர்மையாக நடந்தது, காலக்கெடுவும் தப்பவில்லை. ஆனால் இப்படி ஒரு குழு இருப்பதை அறிவிப்புப் பலகையில் ஒட்டக்கூட ஆளில்லை. அதற்கு ஒரு மார்க் கழித்தேன். இன்னொன்று அந்தச் சலிப்புக்கு.

டோப்பாலஜியில் 58. நான் எதிர்பார்த்தது எழுபதுக்கு மேல். மறுமதிப்பீட்டுக்கு விண்ணப்பிக்கலாம் என்று பார்த்தால், எனக்கு ரிசல்ட் வருவதற்கு முன்பே கடைசித் தேதி முடிந்துவிட்டிருந்தது. தேதியை நீட்டிக்கச் சொல்லி இரண்டாவது கடிதம் கொடுத்திருக்கிறேன். இந்த முறை தபால் பிரிவு அண்ணன் ஒன்றும் கேட்கவில்லை, என்னைப் பார்த்ததும் சீலை எடுத்துவிட்டார். இன்று நான்காவது வேலை நாள்.