புறவழியா, சந்தியா, பாலமா: திருகோணமலையில் வீதிக் காசை எதில் போடுவது?

திருகோணமலையில் நெரிசல் என்று பேச்செடுத்தால் உடனே புறவழி வீதிதான் கேட்பார்கள். நிலாவெளி, புல்மோட்டைப் பக்கம் போகும் வாகனங்களை வெளியாலே திருப்பிவிட்டால் நகரம் மூச்சுவிடுமாம். எனக்கு அதில் அரைவாசி நம்பிக்கைதான்.

குருநாகலைப் போல ஊடறுத்துப் போகிற ஊரா இது? ஏ6, ஏ12 பெருவீதிகள் இரண்டும் இங்கே வந்து முடிகின்றன. மா ஆலையும் சீமெந்து ஆலையும் சீனக்குடாவில். அங்கிருந்து கந்தளாய்ப் பக்கம் போகும் லொறிக்கு நகர மத்தியில் வேலையில்லை. மிச்சம் சுற்றுலாச் சீசன் வான்கள். கோட்டைக்குள் இருக்கும் கோணேசரைக் கும்பிடாமல் அவற்றில் எத்தனை நேரே நிலாவெளிக்குப் போகும்?

சந்திகளைத் திருத்துவது மலிவு. அனுராதபுரச் சந்தியில் பள்ளி விடுகிற நேரம் பாருங்கள்: பஸ் நடுவீதியில் ஆள் இறக்கும், பின்னால் ஓட்டோ வரிசை, ஓரமெல்லாம் மோட்டார் சைக்கிள். பஸ் தரிப்பை நாற்பது அடி தள்ளினாலே பாதி குறையும். (கோட்டையடியில் திரியும் மான்களை மட்டும் எந்தத் திட்டமும் கட்டுப்படுத்தாது.) சிக்கல் அதிகாரத்தில். ஏ, பி தர வீதிகள் வீதி அபிவிருத்தி அதிகார சபைக்கு, சீ, டீ மாகாணத்துக்கு, ஒழுங்கைகள் உள்ளூராட்சிக்கு. ஒரே சந்திக்கு மூன்று கந்தோர் ஏறவேண்டி வரலாம். அதோடு, சந்தி திருத்தியதற்குத் திறப்பு விழா வைக்க முடியாதே!

என் தெரிவு பாலம். 396 மீற்றர் கிண்ணியாப் பாலம் சவூதி நிதியில் 2009இல் திறந்த பிறகுதான் துறையடியில் காத்துக்கிடப்பது ஒழிந்தது. அதே கிண்ணியாவில், குறிஞ்சாக்கேணிப் பால வேலை நடந்த காலத்தில், 2021 நவம்பர் 23 காலை ஆள் ஏற்றிக் கடக்கும் மிதப்புப் பாதை (படகு) கவிழ்ந்து பள்ளிக்குப் புறப்பட்ட பிள்ளைகள் இறந்தார்கள். பாலத்துக்குக் காசு ஒதுக்கும்போதே, அது கட்டி முடியும்வரை சனம் கடக்கப் பாதுகாப்பான வழிக்கும் ஒதுக்கியாக வேண்டும். நகரத்தில் நெரிசல் என்றால் கால் மணி பிந்தும்; பாலம் இல்லாத இடத்தில் மாற்றுவழி என்றால் சுற்றுப்பாதை, இல்லாவிட்டால் தண்ணீர்.

புறவழிக்கு இப்போது செய்ய வேண்டியது ஒன்றுதான்: கோடு கீறிக் காணியை ஒதுக்கிவைப்பது. கன்னியாப் பக்கம் மதில்கள் எழும்பும் வேகத்தில், பிந்தினால் தார் போடுகிற செலவைவிட நட்டஈடு கூடிவிடும்.