ஊருக்குத் திரும்பும் முன் ஒரு சுற்று: கோபி, ஜூன் மாதம்

ஜூன் பள்ளி விடுமுறையில் பிள்ளைகள் ரெண்டு பேரையும் கூட்டிக்கொண்டு கோபிச்செட்டிபாளையம் போய் வந்தேன். இந்த முறை ஒறம்பரையாக, அதாவது விருந்தாளியாகப் போகவில்லை. வருகிற டிசம்பரில் சிங்கப்பூரைக் காலி செய்துவிட்டுக் குடும்பத்தோடு ஊருக்கே போய்விடுவதென்று முடிவு செய்திருக்கிறோம். வீட்டுக்காரருக்கு லீவு கிடைக்கவில்லை. ஆதார், பேங்க், பள்ளிக்கூடம், பட்டா என்று எது எந்த நிலைமையில் இருக்கிறது எனப் பார்த்து வருகிற வேலை என் தலையில் விழுந்தது. இதே யோசனையில் இருக்கிற குடும்பங்கள் இங்கே நிறைய உண்டு. அவர்களுக்கு உதவட்டும் என்றுதான் எழுதுகிறேன்.

கிளம்பும்போது எல்லோரும் அரசாங்க ஆபீஸைச் சொல்லித்தான் பயமுறுத்தினார்கள். என்னை அலையவிட்டது ஏசி போட்ட இடங்கள்.

கோவை விமான நிலையம் பற்றிச் சொல்ல அதிகமில்லை. சின்ன இடம், ஒரு விமானத்துக் கூட்டம் கலைந்தால் இமிக்ரேஷன் வரிசை முடிந்துவிடும். அவிநாசி ரோட்டில் ஜி.டி. நாயுடு பெயரில் 10.1 கிலோமீட்டருக்கு மேம்பாலம் வந்துவிட்டதால் ஊருக்குள் போகிறவர்களுக்குப் பழைய சிக்னல் தொல்லை குறைவு. நாங்கள் எதிர்த் திசையில் அவிநாசி, நம்பியூர் வழியாகப் போகிறவர்கள், எங்களுக்கு அதனால் லாபமும் இல்லை நட்டமும் இல்லை.

முதல் முடிச்சு செல்போன் நம்பர். நான் கல்யாணமாகிச் சிங்கப்பூர் வந்தது 2009இல். ஆதார் கொடுக்கத் தொடங்கியது அதற்கடுத்த வருஷம். ஆக என்னிடம் ஆதாரே கிடையாது. சிம் கடையில் ஆதார் கேட்டார்கள், ஆதாருக்குப் போனால் மொபைல் நம்பர் கேட்டார்கள், பேங்கில் ரெண்டையும் கேட்டார்கள். கடைசியில் மாமனார் தன் பெயரிலேயே ஒரு சிம் வாங்கிக் கையில் கொடுத்து, “முதல்ல இதை வெச்சு ஓட்டு கண்ணு, பொறகு மாத்திக்கலாம்” என்றார். கையில் உயிரோடு ஒரு இந்திய நம்பர் வைத்திருப்பவர்கள் அதை ரீசார்ஜ் செய்து காப்பாற்றி வையுங்கள். அங்கே எந்தக் கதவைத் தட்டினாலும் முதலில் கேட்பது ஓடிபி.

ஆதார் பற்றிச் சிங்கப்பூரில் ஒரு பேச்சு உலவுகிறது: 182 நாள் ஊரில் தங்கினால்தான் எடுக்க முடியும் என்று. இந்திய பாஸ்போர்ட் வைத்திருக்கிற நமக்கு அந்த விதி இல்லை, போன உடனேயே பதிவு செய்யலாம். வெளிநாட்டுக் குடியுரிமை வாங்கி ஓசிஐ அட்டை வைத்திருக்கிற இந்திய வம்சாவளிக்காரர்களுக்குத்தான் 182 நாள் கணக்கு. எங்கள் வீட்டில் எல்லோரும் பிஆர் தான் (சிங்கப்பூர் நிரந்தரவாசிகள்), பிள்ளைகளுக்கும் இந்திய பாஸ்போர்ட்தான், அதனால் பிரச்சனை வரவில்லை. பாஸ்போர்ட் காலாவதியாகாமல் இருக்க வேண்டும், மின்னஞ்சல் முகவரி கட்டாயம், பிள்ளைகளுக்கு அப்பாவோ அம்மாவோ கூட இருந்து சம்மதம் தர வேண்டும். புதிய பதிவுக்குக் காசு கிடையாது.

தபால் ஆபீஸில் டோக்கன் வாங்கி உட்கார்ந்தோம். கம்ப்யூட்டரில் இருந்த பெண் பொறுமைசாலி. பாஸ்போர்ட்டில் அப்பா பெயர் குடும்பப் பெயராக இருக்கிறது, ஊரில் அதையே இனிஷியலாக எழுதுகிறோம். எது பாஸ்போர்ட்டில் இருக்கிறதோ அதையே இங்கேயும் போடுங்கள், அப்போதுதான் பேங்கில் பெயர் பொருந்தும் என்று அவராகவே சொன்னார். தமிழில் பெயர் தானாக விழும்போது ‘ழ’ வர வேண்டிய இடத்தில் ‘ல’ விழுந்தது. என் மகள்தான் திரையைப் பார்த்து, “அக்கா, அது தப்புங்க” என்றாள். ‘ங்க’ போட்டுப் பேச அவள் எப்போது கற்றாளோ தெரியவில்லை. பெரியவர்களுக்கு நம்பர் வரக் கொஞ்சம் நாளாகும் என்றார்கள். ஒப்புகைச் சீட்டோடு திரும்பி வந்திருக்கிறேன்.

இனி பேங்க். வெளிநாட்டில் இருக்கிற இந்தியர்களுக்கான எங்கள் என்ஆர்ஈ கணக்கு இருக்கிற தனியார் வங்கிக் கிளைக்குப் போனேன். நிரந்தரமாகத் திரும்பி வருகிறோம், கணக்கை என்ன செய்வது என்று கேட்டதற்கு, “அப்படியே இருக்கட்டும்ங்க மேடம், யாரு கேக்கப்போறாங்க” என்று பதில். அது தப்பு. தங்கிவிடுவதென்று ஊர் திரும்பியதும் என்ஆர்ஈ கணக்கை உள்ளூர் கணக்காக மாற்ற வேண்டும், இல்லாவிட்டால் பணத்தை ஆர்எஃப்சி என்கிற வெளிநாட்டு நாணயக் கணக்குக்குக் கொண்டுபோக வேண்டும். வெளிநாட்டு நாணயத்திலேயே போட்டு வைக்கிற எஃப்சிஎன்ஆர் டெபாசிட் மட்டும் முதிர்வு வரைக்கும் பேசிய வட்டியிலேயே ஓடலாம். ஆர்எஃப்சி என்று நான் சொன்னதும் அந்தத் தம்பி இன்னொருவரைக் கூப்பிட்டார், அவர் மேனேஜரைக் கூப்பிட்டார், மேனேஜர் எனக்கு ஒரு இன்சூரன்ஸ் திட்டத்தை விளக்கத் தொடங்கினார். காபி மட்டும் நன்றாக இருந்தது.

விவரம் சொன்னவர் ஈரோட்டில் இருக்கிற ஒரு ஆடிட்டர். முந்தைய பத்து வருஷத்தில் ஒன்பது வருஷம் வரிக் கணக்குப்படி வெளிநாட்டுவாசியாக இருந்தவர்கள், திரும்பியதும் உடனே முழு உள்ளூர்வாசி ஆகிவிடுவதில்லை. இடையில் ஆர்என்ஓஆர் (உள்ளூர்வாசி, ஆனால் சாதாரண உள்ளூர்வாசி அல்ல) என்றொரு நிலை உண்டு. அந்தக் காலத்தில் வெளிநாட்டிலேயே வருகிற வருமானத்துக்கு இங்கே வரி இல்லை, ஆர்எஃப்சி வட்டிக்கும் இல்லை. பிஆரைக் கைவிட்டால்தான் சிங்கப்பூர்ச் சேமநிதியான சிபிஎஃப் பணம் முழுதாகக் கைக்கு வரும். அது வந்து சேர்வதற்குள் ஆர்எஃப்சி கணக்கைத் திறந்து வைத்திருக்க வேண்டும். பிஆரைக் கைவிடுவதற்கு முன் ஆண் பிள்ளை இருப்பவர்கள் தேசிய சேவை (சிங்கப்பூரின் கட்டாய ராணுவச் சேவை) விஷயத்தையும் தீர யோசியுங்கள். நாளைக்கு அவன் சிங்கப்பூரில் படிக்கவோ வேலைக்கோ போக நினைத்தால் அது குறுக்கே வரும். எங்களுக்கும் அதில்தான் ராத்திரிப் பேச்சு இன்னும் ஓடுகிறது.

பள்ளிக்கூடம்தான் பெரிய வெசனம். சிங்கப்பூரில் ஏழு வயது ஆகிற வருஷம் பிரைமரி ஒன்று. நம் ஊரில் ஐந்து முடிந்தாலே ஒன்றாம் வகுப்பில் உட்கார்ந்துவிடுகிறார்கள். என் மகள் பிரைமரி ஐந்து. அவள் வயதுப் பிள்ளைகள் இங்கே ஆறாவதோ ஏழாவதோ. வகுப்பைப் பார்த்துச் சேர்த்தால் தன்னைவிடச் சின்னப் பிள்ளைகளோடு உட்கார வேண்டும், வயதைப் பார்த்துச் சேர்த்தால் ரெண்டு வருஷப் பாடத்தைத் தாண்ட வேண்டும். போதாததற்கு அங்கே நவம்பரில் வருஷம் முடிகிறது, இங்கே ஜூனில் தொடங்குகிறது.

ஒரு சிபிஎஸ்இ பள்ளியில் வருஷ நடுவில் எடுக்கவே மாட்டோம் என்றார்கள். இன்னொன்றில் எடுப்போம், ஆனால் முழு வருஷக் கட்டணமும், ரசீது இல்லாத இன்னொரு தொகையும் என்றார்கள். அந்த ரெண்டாவது தொகையைச் சொல்லும்போது மட்டும் குரல் தாழ்ந்தது. சொந்தக்காரர்கள் ஆளாளுக்கு நாமக்கல், ராசிபுரம் பக்கத்து ஹாஸ்டல் பள்ளிகளைச் சிபாரிசு செய்தார்கள். பிராய்லர் பள்ளி என்று ஊரே கிண்டல் செய்கிறது, ஆனால் அட்மிஷனுக்கு முதலில் நிற்பதும் ஊர்தான்.

மூன்றாவதாகப் போனது கோபிக்குப் பக்கத்தில் ஒரு சின்ன மெட்ரிக் பள்ளி. தலைமையாசிரியை மகளிடம் தமிழ்ப் புத்தகத்தைக் கொடுத்து வாசிக்கச் சொன்னார். தடங்கல் இல்லாமல் ஒரு பக்கம் வாசித்தாள். சிங்கப்பூரில் தமிழ் ஆட்சிமொழி, பள்ளியில் தாய்மொழிப் பாடம் கட்டாயம் என்று நான் சொன்னதும், “இங்க இருக்கிற பசங்களே ‘ப்ரெஞ்ச் இருக்குங்களா மிஸ்’னு கேக்கறாங்க” என்றார். பத்தாம் வகுப்பு வரை தமிழ் கட்டாயம் என்று 2006இலேயே சட்டம் வந்தாயிற்று என்பது பல பெற்றோருக்கு இன்னும் மனசில் ஏறவில்லை போல. டிசம்பரில் வந்தால் ஆறாவதில் உட்கார வைத்துப் பார்ப்போம், ஜூனில் முடிவு செய்வோம் என்று சொன்னார். நான் பார்த்த மூன்றில் பிள்ளையிடம் பேசிய பள்ளி அது ஒன்றுதான். சின்னவனுக்கு ஊராட்சிப் பள்ளியே போதும் என்கிறார் மாமனார். காலை உணவும் அங்கேயே போடுகிறார்கள். நானும் அதை மறுக்கவில்லை.

மருத்துவம் பற்றி ஒரு வரி. மாமியாருக்குச் சர்க்கரையும் பிரஷரும். ‘மக்களைத் தேடி மருத்துவம்’ திட்டத்தில் தோட்டத்துச் சாளைக்கே வந்து பிரஷர் பார்த்து மாத்திரை கொடுத்துவிட்டுப் போகிறார்கள். அப்படி ஒரு சேவை இருப்பது ஊரில் இருக்கிற எங்கள் நாத்தனாருக்கே தெரியாது.

வீட்டுக்காரரின் டிரைவிங் லைசென்ஸ் காலாவதியாகி வருஷக்கணக்காகிறது. ஒரு வருஷம் தாண்டிவிட்டால் புதுப்பிக்க மறுபடி ஓட்டிக் காட்ட வேண்டும். ஆர்டிஓ ஆபீஸ் வாசலில், “அவர் வர வேண்டாங்க, நான் பாத்துக்கறேன்” என்றார் ஒருவர். நன்றி சொல்லிவிட்டு வந்துவிட்டேன்.

கடைசியாகத் தோட்டம். மாமனாருக்கு வயதாகிவிட்டது, பூமியை இப்போதே மகன் பெயருக்கு எழுதிவிட வேண்டும் என்று அவசரம். பத்திர எழுத்தரும், “தான செட்டில்மெண்ட்டுங்க, ஒரே நாள் வேலை” என்றார். ஆடிட்டர் தடுத்துவிட்டார். வெளிநாட்டில் குடியிருப்பவர் விவசாய பூமியை விலைக்கும் வாங்கக் கூடாது, தானமாகவும் பெறக் கூடாது; வாரிசாக வருவது மட்டும்தான் செல்லும். ஊர் திரும்பி உள்ளூர்வாசி ஆனபிறகு எழுதிக்கொள்ளலாம், ஆறேழு மாதம் பொறுங்கள் என்றார். இதைத் தெரியாமல் எழுதிக்கொண்டவர்கள் எங்கள் சொந்தத்திலேயே இருக்கிறார்கள்.

அதற்குள் செய்ய வேறு வேலை இருந்தது. பட்டா இன்னும் மாமனாரின் அப்பாரு பெயரில், பங்காளிகளோடு கூட்டுப் பட்டாவாகக் கிடக்கிறது. வில்லங்கம், சிட்டா எல்லாம் வீட்டுத் திண்ணையில் உட்கார்ந்தே போனில் பார்த்துவிட்டேன், அந்த மட்டும் பெரிய மாற்றம். உட்பிரிவுக்கு ஈ-சேவை மையத்தில் மனு போட்டோம். விஏஓ ரெண்டாவது நாளே கூப்பிட்டு, வாரிசுச் சான்று என்னென்ன வேண்டும் என்று ஒரு தாளில் எழுதிக் கொடுத்தார். சர்வேயர் வந்து அளப்பதுதான் பாக்கி. அவருக்கு ஏகப்பட்ட ஊர்.

மாமனார் விடுவதாக இல்லை. கீழ்பவானி வாய்க்காலில் ஆகஸ்ட் 15 வாக்கில் தண்ணீர் திறப்பது வழக்கம். “தண்ணி வுட்டு நடவு போட்டுட்டா சேத்துக்குள்ள எல்லைக் கல்லை எங்க போய்த் தேடறது? அதுக்குள்ள வந்து அளந்துட்டுப் போகச் சொல்லுங்க சார்” என்று வாரம் ஒருமுறை தாலுகா ஆபீஸில் போய் நிற்கிறார். நேற்றுப் போனில் பேசும்போது, அடுத்த வாரம் வருகிறேன் என்று சர்வேயரே சொல்லியிருப்பதாகச் சொன்னார். பங்காளிகளுக்கும் சொல்லிவிட வேண்டும், அன்றைக்கு அவர்களும் வரப்பில் நிற்க வேண்டும், இல்லாவிட்டால் மறுபடி முதலிலிருந்து.