சித்திரை வீதியா, மகாலா, தெப்பக்குளமா?

கோயம்புத்தூரிலிருந்து அண்ணன் குடும்பம் மதுரைக்கு வந்தாலே எனக்கு ஒரு தலைவலி, எங்கே கூட்டிப்போவது என்று. அம்மாவுக்கு முழங்கால் வலி. அண்ணன் பிள்ளைகள் இரண்டும் சரியான வாலு. போன தடவை ஒரே நாளில் மூன்று இடத்தையும் பார்த்துவிட்டோம்.

மீனாட்சி அம்மன் கோயிலைச் சுற்றியிருக்கும் சித்திரை வீதிகளில் வண்டி வராது. பிள்ளைகளை அவிழ்த்துவிடலாம். 1559-இல் எழுந்த தெற்குக் கோபுரம், ஏறக்குறைய 170 அடி. அதை அண்ணாந்து பார்க்கக் காசும் வேண்டாம், வரிசையும் வேண்டாம். சிக்கல் வருவது கோயிலுக்குள் போகும்போதுதான். செருப்பையும் செல்போனையும் ஒரு வாசலில் கொடுத்துவிட்டு, பேச்சு மும்முரத்தில் வேறு வாசல் வழியே வெளியே வந்துவிட்டோம். மதுரைக்காரன் நானே! உச்சிவெயிலில் வெறுங்காலோடு பாதி வீதி சுற்றினோம். மதினி கடைசிவரை என் முகத்தைப் பார்க்கவே இல்லை. கோயிலுக்குக் காலையிலேயே போய்விடுங்கள். மத்தியானம் நடை சாத்திவிடுவார்கள்.

மகால் 1636-இல் திருமலை நாயக்கர் கட்டியது. இப்போது நிற்பது கால்வாசி என்கிறார்கள். பெரியவர்களுக்குத் தூணும் சுதை வேலையும் ஒரு மணி நேரத்துக்குத் தாங்கும். பிள்ளைகளோ பத்து நிமிடம் கத்தி எதிரொலி கேட்டார்கள், அப்புறம் "சித்தப்பா, ஜிகர்தண்டா?" விளக்குத்தூண் பக்கம் நடந்தால் ஜிகர்தண்டாவும் ஆச்சு, ஜவுளிக்கடைச் சந்துக்குள் டிக்கெட் இல்லாமல் பத்துத்தூணும் பார்த்தாச்சு. அந்த அரண்மனையின் மிச்சம்தான் அதுவும். எனக்கென்னவோ மகாலைவிட அந்தச் சந்துதான் பிடிக்கும்.

சாயங்காலத்துக்கு வண்டியூர் தெப்பக்குளம்தான், இதில் எனக்கு இரண்டாம் பேச்சே இல்லை. 1645-இல் வெட்டியது, பக்கத்துக்கு ஆயிரம் அடி அளவில். நான் பையனாக இருந்தபோது தண்ணீர் இல்லாமல் உள்ளே கிரிக்கெட் ஆடுவார்கள். தண்ணீர் நிறைந்திருக்கும்போது மைய மண்டபம் மிதப்பதுபோல் தெரியும், காற்றும் தனி. சுற்றுச்சுவரில் உட்கார்ந்து அவித்த கடலை தின்றால் நேரம் போவதே தெரியாது. ஒரே குறை, சுற்றிலும் வண்டிப் போக்குவரத்து. ரோட்டைத் தாண்டும்போது பிள்ளைகளின் கையை விடக்கூடாது. தைப்பூசத் தெப்பத்தன்று கைக்குழந்தையோடு போகிறவர்கள் மத்தியானமே போய் இடம் பிடிக்க வேண்டும்.

மகாலுக்கு மண் எடுத்த பள்ளம்தான் இந்தக் குளம் என்பார்கள். தோண்டும்போது கிடைத்தவர்தான் கோயிலுக்குள் இருக்கும் முக்குறுணி விநாயகர். காலையில் பார்த்த அதே ஆள் என்றதும் சின்னவன் எழுந்து நின்று தண்ணீரையே பார்த்தான்.

"அப்பத்தா, இன்னொருத்தர் உள்ள இருப்பாரா?"

"இருந்தாலும் இருப்பாரு, உக்காந்து பாரு" என்றாள் அம்மா. ஒன்பது மணிக்கு நான் ஆட்டோ பிடித்து வந்தபோதும் இரண்டு பேரும் எழுந்திருக்கவில்லை.