தவளையா, கடற்பசுவா?

இயற்கை மனிதனைத் திருப்பி அடிக்கும் கதையைச் சின்ன பட்ஜெட்டில் எடுத்த இரண்டு படங்கள்: அமெரிக்காவின் 'ஃப்ராக்ஸ்' (1972), ஆஸ்திரேலியாவின் 'லாங் வீக்கெண்ட்' (1978). முன்னதில், பூச்சிமருந்து தெளிக்கும் பணக்காரக் குடும்பத்தைப் பாம்பு, பல்லி, சிலந்தி எல்லாம் வந்து கொல்கின்றன. கண்ணாடி வீட்டுத் தோட்டத்தில் பல்லிகள் மருந்து ஜாடிகளைத் தட்டிவிட்டு ஒருவனை மூச்சுத்திணற வைக்கும் காட்சி அருமை. மற்றபடி பயம் வரவில்லை.

பின்னது அப்படியில்லை. கடற்கரையில் மனைவியோடு முகாம் போட்டவன் ஒரு கடற்பசுவைச் சுட்டுவிடுகிறான். கரை ஒதுங்கிய அதன் உடல், அடுத்தடுத்துப் பார்க்கும்போது, முகாமுக்கு இன்னும் கொஞ்சம் கிட்டே கிடக்கிறது. அது நகர்வதைக் காட்டுவதே இல்லை. அப்புறம் குட்டி அழுவது மாதிரி ஒரு சத்தம். எனக்கு வயிறு கலங்கிவிட்டது. ஒரு ராத்திரிதான் கிடைக்கும் என்றால் இதையே பாருங்கள், விளக்கை அணைத்துவிட்டு.