கரையில நின்னு சுறா பிடிக்க "கம்ப்ளீட் செட்" வாங்கப் போறீங்களா? முதல்ல இதைப் படிங்க

தூண்டில் சாமான் ஆன்லைன்ல விக்கிற ஒருத்தர்கிட்ட சுறாவுக்குன்னே முழு செட் ஆர்டர் பண்ணி, பணத்தையும் விட்டு, ஒரு நல்ல மீனையும் வாயில கம்பியோட கடலுக்குள்ள விட்டுட்டு வந்திருக்கேன். பேர் போடல, ஏன்னா இதே சரக்கு வேற வேற பேர்ல சுத்திக்கிட்டு இருக்கு, ஒரு பேரைச் சொன்னா மத்தவங்ககிட்ட போய் மாட்டுவீங்க. சாமானை எப்படிப் பாத்து வாங்கணும்னு தெரிஞ்சாதான் தப்பிக்க முடியும்.

நான் கேட்டது எல்லாமே மெசேஜ்ல எழுத்துல இருக்கு. 80 பவுண்டு தாங்குற பிரெய்டு (பின்னின நூல்) சுத்தின ரீல், அதுக்கு ஏத்த ராடு, 250 பவுண்டு தாங்குற ஸ்டெயின்லெஸ் வயர் லீடர் (சுறா பல்லு அறுக்காம இருக்க ஹூக்குக்கு மேல கட்டுற கம்பி), ஆஃப்செட் இல்லாத (முனை பக்கவாட்டுல திரும்பாத), ஸ்டெயின்லெஸ் இல்லாத சர்க்கிள் ஹூக் (முனை உள்பக்கமா வளைஞ்ச தூண்டில் முள்), கூட ஃப்ரெஷ்ஷா இரை. "எல்லாம் அதேதான் சார், நாங்களே யூஸ் பண்றது" அப்படின்னு பதில் வந்துச்சு.

முதல் கடி சாயங்காலம் இருட்டற நேரத்துல வந்துச்சு. ராடு மெல்ல சாஞ்சுது, அப்புறம் ரீல் கத்த ஆரம்பிச்சுது, ஆனா ஒரே சீரா இல்ல, நூல் நிக்குது திடீர்னு ஓடுது திரும்ப நிக்குது, டிராக் (மீன் இழுத்தா நூலை அளவா விடுற ரீல் பிரேக்) வழுக்கிக்கிட்டு போகாம குதிச்சுக்கிட்டு போச்சு. சுறா கொஞ்ச தூரம் போய் திரும்பி ஒரு இழுப்பு இழுத்துச்சு, அவ்வளவுதான், ராடு நிமிந்துடுச்சு. சுத்தி எடுத்துப் பாத்தா நூல் இருக்கு, நானே கட்டின தங்கூஸ் (தடிச்ச நைலான் நூல்) இருக்கு, ஸ்விவல் (சுழலுற வளையம்) இருக்கு, அதுக்குக் கீழ ஒண்ணுமே இல்ல. அறுந்திருந்தா கம்பித் துண்டு தொங்கணும் இல்லையா, ஸ்விவல் கண்ணு சுத்தமா காலியா இருந்துச்சு. அதாவது கம்பி அறுபடல, கிரிம்ப்ல (கம்பியை மடிச்சு அழுத்திப் பிடிக்கிற இடம்) இருந்து உருவிக்கிட்டுப் போயிடுச்சு.

வீட்டுக்கு வந்து பாக்கெட்ல மீதி இருந்த லீடரை எடுத்தேன். கிரிம்ப்ல கம்பியைப் பிடிக்கிற குட்டிக் குழாய், அதாவது ஸ்லீவ், அலுமினியம். அலுமினியம் ஸ்லீவ் நைலானுக்குப் போடறது, ஸ்டெயின்லெஸ் வயருக்கு காப்பர் ஸ்லீவ் போடணும், அலுமினியமும் ஸ்டெயின்லெஸ்ஸும் உப்புத் தண்ணியில சேந்தா அலுமினியம் அரிச்சுப் போகும். அதை விடக் கொடுமை, அதை கிரிம்ப் டூல்ல அழுத்தவே இல்ல, சாதா கட்டிங் பிளேயர்ல ஒரு கடி கடிச்சு விட்டிருக்கான், பல்லுத் தடம் ஸ்லீவ் மேல அப்படியே தெரியுது, ஒரு ஓரம் சப்பையா, இன்னொரு ஓரம் ஓட்டையாவே இருக்கு. பெட்டி எடை பாக்குற கொக்கித் தராசுல ஒரு முனையை மாட்டி இழுத்தேன், 20 கிலோ தொடறதுக்கு முன்னாடியே கம்பி உருவிடுச்சு. 250 பவுண்டுன்னா 113 கிலோங்க!

அதுக்கப்புறம் எதையும் நம்ப முடியல, ஒண்ணொண்ணா பிரிச்சேன். ஹூக் பாக்கெட் மேல அவங்க கடை ஸ்டிக்கர் ஒட்டியிருந்துச்சு, ஹேர் டிரையர் காட்டி உரிச்சா உள்ள கம்பெனி அச்சடிச்ச லேபிள்லயே "ஸ்டெயின்லெஸ் ஸ்டீல்"னு இருக்கு. ஹூக்கை மேஜை மேல படுக்க வச்சா தட்டையா உக்காரல, முனை ஒரு பக்கமா தூக்கிட்டு நிக்குது, அப்ப அது ஆஃப்செட். ஏன் இவ்வளவு பேசறேன்னா, சர்க்கிள் ஹூக்கோட வேலையே சுறா முழுங்கினாலும் வழுக்கி வந்து வாயோரத்துல மாட்டறது, முனை திரும்பியிருந்தா தொண்டையிலயோ வயித்துலயோ குத்த வாய்ப்பு அதிகம். ஸ்டெயின்லெஸ் இல்லாத ஹூக் மீன் தப்பிச்சுப் போனாலும் துருப்பிடிச்சு என்னைக்காவது உதிரும், ஸ்டெயின்லெஸ் லேசுல போகாது. ஃப்ளோரிடாவுல 2019 ஜூலையில இருந்து கரையில நின்னு சுறா பிடிக்கறவங்க இரை போட்டா ஆஃப்செட், ஸ்டெயின்லெஸ் ரெண்டும் இல்லாத சர்க்கிள் ஹூக்தான் போடணும், ஹூக்கையோ லீடரையோ வெட்டுற கட்டர் வச்சிருக்கணும்னு விதியே இருக்கு. என் மீன் இப்ப அந்த ஹூக்கோடயும் ஒரு மீட்டருக்கு மேல கம்பியோடயும் எங்கயோ சுத்துது, பணத்தை விட அதுதான் மனசை அறுக்குது.

நூல் ஸ்பூல்லயும் இதே ஸ்டிக்கர் வேலை, 80க்கு அடியில 50 பவுண்டுன்னு இருந்துச்சு. ரீல்ல சுத்தினதை முழுசா உருவிப் பாத்தேன், பாதிக்கு மேல மட்டமான நைலானை நிரப்பி மேலாப்புல பிரெய்டு சுத்தியிருக்காங்க. அடியில கொஞ்சம் நைலான் போடறது தப்பில்ல, போடலேன்னா பிரெய்டு ஸ்பூல்லயே வழுக்கும், ஆனா அதுக்கு சில சுத்து போதும். சுறா ஒரே ஓட்டத்துல நூறு இருநூறு மீட்டர் எடுத்துட்டுப் போனா நீங்க அந்த மட்ட நைலானையும், அதை பிரெய்டோட சேத்த முடிச்சையும்தான் நம்பி நிக்கணும். டிராக்கைத் திறந்தா கார்பன் வாஷர்னு சொன்ன இடத்துல ஏதோ ஃபெல்ட் துணி, அதான் அப்படிக் குதிச்சிருக்கு.

தங்கூஸ் லீடர் செட்லயே கிடையாது, வயரை நேரா பிரெய்டுல கட்டிக்கலாம்னாங்க. தயவு செஞ்சு அப்படிக் கட்டாதீங்க. சுறா தோல் முழுக்க பல்லு மாதிரி பொடிப்பொடி செதில், உப்புக்காகிதம் மாதிரி, பிரெய்டு அதுல ஒரு தடவை உரசினாலே போச்சு, வாலடியும் படும். பல்லுக்கு வயர், தோலுக்கு மீனை விட நீளமான தடிச்ச தங்கூஸ், ரெண்டும் வேணும். நல்ல வேளை என்கிட்ட பழைய தங்கூஸ் இருந்துச்சு, அதைத்தான் கட்டியிருந்தேன்.

இரையைப் பத்தி சொன்னா இன்னும் எரியும். "ஃப்ரெஷ் சூரைத் துண்டு"ன்னு வந்த பாக்கெட் ஐஸ் உருகினதும் கையில கூழா வந்துச்சு, ஓரமெல்லாம் மஞ்சளா எண்ணெய் ஊறி சிக்கு வாடை. ஒரு தடவை உருகி திரும்ப உறைய வச்ச மீன் இப்படி ஆகும், ஹூக்ல நிக்காது, நண்டும் பொடி மீனும் கொத்தியே முடிச்சிடும். கடி வந்தது நான் தனியா கொண்டு போன கானாங்கெளுத்திக்குத்தான். கூட ஒரு பாட்டில் எண்ணெய், ரெண்டு சொட்டு விட்டா கிலோமீட்டர் தள்ளி இருக்குற சுறா வருமாம். அதெல்லாம் கதைங்க, வாசனை நீரோட்டம் போற பக்கம்தான் போகும், அன்னைக்குப் பிடிச்ச எண்ணெய்ச் சத்துள்ள மீனை வெட்டிப் போட்டாலே அந்த வேலை நடக்கும்.

கேட்டதுக்கு வித்தவர் சொன்ன பதில்: "சார், உங்களுக்கு வந்தது ரொம்பப் பெரிய மீனா இருந்திருக்கும், எந்த லீடரும் நிக்காது." தராசு வீடியோ அனுப்பினேன், ரெண்டு டிக் நீலமாச்சு, பேச்சு மூச்சு இல்ல.

வாங்கறவங்க காசு குடுக்கறதுக்கு முன்னாடி லீடர் கிரிம்ப்பை கிட்டப் போய் போட்டோ எடுத்து அனுப்பச் சொல்லுங்க, ஸ்லீவ் மேல அச்சு சமமா விழுந்திருக்கணும், பல்லுத் தடம் இருந்தா வேண்டாம்னுடுங்க. ஸ்டிக்கர் ஒட்டாத ஒரிஜினல் பாக்கெட் கேளுங்க. வந்ததும் பார்சலைப் பிரிக்கறதையே வீடியோ எடுங்க, கடலுக்குக் கொண்டு போறதுக்கு முன்னாடி ஒரு லீடரையாவது தராசுல இழுங்க, டிராக்கையும் அதே தராசுல நூல் தாங்குற எடையில மூணுல ஒரு பங்குக்கு செட் பண்ணுங்க, இழுக்கும்போது முள்ளு குதிச்சா அந்த ரீல் சுறாவுக்கு ஆகாது. எந்த சுறாவைப் பிடிக்கத் தடைன்னு உங்க ஊர் சட்டத்தையும் பாத்துக்கோங்க, கொம்பன் சுறா (ஹேமர்ஹெட்) மாதிரி சிலது போராடின களைப்புலயே விட்டதுக்கப்புறம் செத்துப் போகும், அதை மணல்ல இழுத்துப் போட்டு போட்டோ எடுக்கவே கூடாது. இந்த செட்ல கட்டர்கூட இல்லங்கறதையும் சொல்லிடறேன்.

இப்ப புகார் போட்டதுக்கு அப்புறம் ரீலை மட்டும் திருப்பி எடுத்துக்கறேன்னு வந்திருக்கார், லீடர், ஹூக், நூல் எல்லாம் "யூஸ் பண்ணின ஐட்டம்", எடுக்க மாட்டாராம். நான் ஒத்துக்கல, முழுப் பணமும் கேட்டு புகாரை அப்படியே வச்சிருக்கேன்.