பழைய மிட்சுபிஷி சக்தி தோட்ட டிராக்டர்: உத்தண்டித் தோப்பிலிருந்து ஒரு மதிப்பீடு

கிழக்குக் கடற்கரைச் சாலை ஓரமாகத் தோப்பு வைத்திருப்பவர்கள் பழைய சிறு டிராக்டர் வாங்கப் போனால், பெரும்பாலும் இன்ஜின் சத்தத்தைக் கேட்டுவிட்டு அங்கேயே விலை பேசத் தொடங்கிவிடுகிறார்கள். சென்னையை ஒட்டிய உத்தண்டியில் எங்கள் தென்னந்தோப்பில் பல ஆண்டுகளாக ஓடிக்கொண்டிருக்கும் 18.5 குதிரைத்திறன் கொண்ட மிட்சுபிஷி சக்தி எம்.டி. 180 டி வண்டியை வைத்துச் சொல்கிறேன்: இந்த வகை வண்டியில் இன்ஜின்தான் கடைசியாகக் கவலை தரும். கருவியைத் தூக்கி இறக்கும் பின்பக்கத்து ஹைட்ராலிக், கருவியைப் பிடித்திருக்கும் லிங்குகள் என்ற இணைப்புக் கைகள், இன்ஜின் சுழற்சியைக் கருவிக்குக் கொடுக்கும் பி.டி.ஓ. ஷாஃப்ட், அதில் மாட்டப்போகும் கருவி ஆகிய நான்கும் ஒன்றுக்கொன்று பொருந்தினால்தான் வண்டி வேலைக்கு ஆகும்.

இந்த டிராக்டரைத் தயாரித்த பெங்களூரின் வி.எஸ்.டி. டில்லர்ஸ் டிராக்டர்ஸ் நிறுவனம் 1967இல் தொடங்கப்பட்டது. மிட்சுபிஷியின் தொழில்நுட்பக் கூட்டுடன் முதலில் பவர் டில்லரையும் பிறகு இந்த நான்கு சக்கர வண்டியையும் அது கொண்டுவந்தது. பெயரிலுள்ள மூன்று எழுத்துகள், 1911இல் அந்தக் குழுமத்தை நிறுவிய வி.எஸ்.திருவேங்கடசுவாமி முதலியாருடையவை. அமெரிக்காவில் தோட்ட டிராக்டர் என்றால், 1961இல் வந்த கப் காடெட், 1963இல் வந்த ஜான் டியர் 110 போல, வயிற்றுப் பக்கம் புல்வெட்டி பொருத்தி வீட்டுப் புல்வெளியில் ஓடும் பெட்ரோல் வண்டிகள்தான் நினைவுக்கு வரும். நம்முடையது ஜப்பானிய வயலை மனத்தில் வைத்து உருவான வடிவம். மூன்று சிலிண்டர் டீசல், முன்னால் போக ஆறு கியர், பின்னால் வர இரண்டு. இழுத்து உழுவதைவிட, சுழலும் பிளேடுகளால் மண்ணைக் கிளறும் ரோட்டவேட்டரைச் சுழற்றுவதே இதன் இயல்பான வேலை என்பதால் பி.டி.ஓ.வுக்கும் ஒன்றுக்கு மேற்பட்ட வேகங்கள் உண்டு. இழுத்து உழும் கல்டிவேட்டரை மட்டும் மாட்டி ஓட்டிப் பார்த்துவிட்டு இந்த வண்டிக்குத் தெம்பு இல்லை என்று சொல்பவர்களுடன் நான் உடன்படவில்லை.

தென்னைக்கு 25 அடி இடைவெளி விடுவது வழக்கம். உணவெடுக்கும் வேர்களில் பெரும்பகுதி மரத்தைச் சுற்றி ஆறடிக்குள் பரவியிருப்பதால் அந்த வட்டப்பாத்திக்குள் ரோட்டவேட்டரை விடக்கூடாது. இருபுறமும் அதைக் கழித்தால் வரிசைக்கு நடுவே மீதமிருப்பது பதின்மூன்று அடிதான். பெரிய டிராக்டர் உள்ளே வந்தால், தாழ்ந்து தொங்கும் மட்டை ஓட்டுநர் முகத்தில் அடிக்கும். வரிசை முடிவில் திரும்புகையில் டயர் பாத்தியை மிதித்துவிடும். மூன்றரை அடி ரோட்டவேட்டருடன் இந்தச் சிறிய வண்டி நான்கு ஓட்டத்தில் அந்த இடத்தை முடித்து, அடுத்த வரிசைக்கு எளிதாகத் திரும்புகிறது. எங்கள் தோப்பில் ஒரு மணி நேர வேலைக்கு ஏறத்தாழ இரண்டு லிட்டர் டீசல் பிடிக்கிறது. வயதான வண்டிக்கு இது மிக நியாயமான கணக்கு.

இனி லிங்க் விஷயம். சிறு டிராக்டர்களின் முதல் வகை இணைப்பில், கருவியைக் கீழ் லிங்கில் மாட்டும் ‘பின்’ என்ற இரும்பு முளை 22 மில்லிமீட்டர் கனமும், இரண்டு பின்களுக்கு நடுவே ஏறத்தாழ 68 சென்டிமீட்டர் இடைவெளியும் இருக்கும். ஊரில் எளிதாகக் கிடைக்கும் பழைய கருவிகளில் பெரும்பாலானவை பெரிய டிராக்டருக்கான இரண்டாம் வகையைச் சேர்ந்தவை. அவற்றின் பின் 28 மில்லிமீட்டர், இடைவெளி 82 சென்டிமீட்டருக்கு மேல். லேத் பட்டறையில் பின்னைக் கடைந்து மாட்டிக்கொள்ளலாம் என்று சொல்லி விற்பவர்கள் உண்டு. அந்தப் பின் லிங்கில் மாட்டிவிடும், ஆனால் லிங்குகள் வெளிப்பக்கமாக விரிந்து நிற்கும். தூக்கும்போது கருவி ஒரு பக்கம் சாயும், பக்கச் சங்கிலி இறுகி அதன் கொக்கி அறுந்துபோகும். அந்த வேலையே வேண்டாம். வாங்கப் போகும்போது ஒரு வெர்னியர் காலிப்பரையும் அளவு நாடாவையும் எடுத்துப் போவது நல்லது.

எங்களுக்கு வண்டியோடு வந்த ரோட்டவேட்டரின் ஜாயிண்ட் ஷாஃப்ட், அதாவது அதை பி.டி.ஓ.வோடு இணைக்கும், ஒன்றுக்குள் ஒன்று நகரும் குழாய்கள் கொண்ட தண்டு, வேறு ஏதோ டிராக்டருக்கு உரியது. கருவியைத் தரையில் இறக்கி வைத்துப் பார்த்தால் எல்லாம் சரியாகவே தெரிந்தது. கையால் மெல்ல உயர்த்திக்கொண்டே வந்தபோது, பாதி உயரத்திலேயே உள்குழாய் வெளிக்குழாயின் அடிவரை போய் முட்டி நின்றுவிட்டது. அப்படியே ஹைட்ராலிக் லீவரை இழுத்திருந்தால் அந்த அழுத்தம் முழுவதும் ஒரு புறம் டிராக்டரின் பி.டி.ஓ. பேரிங்கிலும் மறுபுறம் ரோட்டவேட்டரின் கியர் பாக்ஸிலும் இறங்கியிருக்கும். இரண்டு குழாய்களையும் ஒரே அளவு அறுத்து, பிசிறை அரத்தால் ராவி, கிரீஸ் வைத்து மாட்டிய பிறகு அந்த ரோட்டவேட்டர் இன்றுவரை தொல்லை தரவில்லை. மணற்பாங்கான இடத்தில் அதன் எல் வடிவப் பிளேடுகள் மட்டும் செம்மண் பூமியைவிட வேகமாகத் தேய்கின்றன; மாற்றும்போது எல்லாவற்றையும் சேர்த்து மாற்றாவிட்டால் ரோட்டார் சமநிலை இழந்து நடுங்கும்.

இது பின்சக்கரங்கள் இரண்டு மட்டுமே இழுக்கும் வண்டி. காய்ந்த கடற்கரை மணலில் டிரெய்லரில் தேங்காய் ஏற்றி இழுத்தால் பின்சக்கரம் குழி பறித்துக்கொண்டு நிற்கும் என்பதை வாங்குபவர் தெரிந்தே வாங்க வேண்டும். பின் டயர்களில் முக்கால் பங்கு தண்ணீர் நிரப்பியதில் நல்ல பலன் கிடைத்தது. அதைவிடவும், மழை பெய்து மணல் ஈரத்தோடு இறுகியிருக்கும் நாளில் உழுவது பலன் தந்தது. நல்ல சரிவும் களிமண்ணும் உள்ள இடத்துக்கு நான் இந்த வண்டியைப் பரிந்துரைக்க மாட்டேன்.

உப்புக்காற்று இரும்பை அரிப்பதைவிட முதலில் கெடுப்பது மின் இணைப்புகளைத்தான். செல்ஃப் எடுக்கவில்லை என்றால் மோட்டாரைக் கழற்றுவதற்கு முன் பேட்டரியிலிருந்து சேஸிஸுக்கு வரும் எர்த் கேபிளின் முனையைச் சுரண்டிப் பார்க்க வேண்டும். எங்கள் வண்டியில் பாதித் தொல்லை அதோடு முடிந்துவிடுகிறது. வடகிழக்குப் பருவமழைக் காலத்தில் டீசல் டேங்கை முழுவதும் நிரப்பி நிறுத்தினால் உள்ளே ஈரம் படிவது குறையும். வண்டி நிற்கும் மேடை உயரமாக இருக்க வேண்டும் என்பதை 2023 டிசம்பரில் மிக்ஜாம் புயல் வெள்ளத்தைப் பார்த்த சென்னைக்காரர்களுக்கு நான் விளக்க வேண்டியதில்லை. வெள்ளத்தில் நின்ற வண்டிகள் விற்பனைக்கு வருவதால், எவ்வளவு புதிய பெயின்ட் அடித்திருந்தாலும் ஹைட்ராலிக் ஆயில் குச்சியை உருவிப் பாருங்கள். ஆயில் மோர் போல வெளுத்திருந்தால் உள்ளே தண்ணீர் போயிருக்கிறது. அந்த வண்டியை விட்டுவிடலாம்.

பேரிங்குக்கும் ஆயில் சீலுக்கும் பொதுவான எண்கள் இருப்பதால் அவற்றைச் சென்னையில் ஜெனரல் பேட்டர்ஸ் சாலையிலோ புதுப்பேட்டையிலோ தேடிப் பிடித்துவிடலாம். இந்த மாடலுக்கே உரிய பாகங்களுக்கு டீலரிடம்தான் போக வேண்டும்.

பி.டி.ஓ. ஷாஃப்டின் மேல் உறை இல்லாமல் எந்தக் கருவியையும் ஓட்டக்கூடாது. தோப்பு வேலைக்கு வருகிறவர்கள் வேட்டி, புடவை, தோளில் துண்டு என்று வருவதால் சுழலும் ஷாஃப்டில் துணி முனை சிக்கினால் ஆளையே இழுத்துவிடும். பழைய கருவிகளில் அந்த பிளாஸ்டிக் உறை உடைந்தோ தொலைந்தோதான் இருக்கும். எங்கள் தோப்பில் நான் கண்டிப்பாக இருக்கும் ஒரே விஷயம் இது.

ஓர் ஏக்கருக்குள் தோட்டம் வைத்திருப்பவர்கள் இந்த வண்டியை வாங்கி நிறுத்தி வைப்பதைவிட, வேளாண்மைப் பொறியியல் துறை மணிக்கணக்கில் வாடகைக்கு விடும் இயந்திரங்களைப் பயன்படுத்துவதே சிக்கனம். இரண்டு ஏக்கருக்கு மேல் தோப்பு உள்ளவர்கள், ஆர்.சி. புத்தகத்தில் உள்ள இன்ஜின் எண்ணும் சேஸிஸ் எண்ணும் வண்டியோடு ஒத்துப்போகின்றனவா, 15 ஆண்டு கடந்த வண்டியென்றால் பதிவு புதுப்பிக்கப்பட்டிருக்கிறதா என்று பார்த்த பிறகு, விற்பவரையே ரோட்டவேட்டரை மாட்டச் சொல்லி அரைமணி நேரம் மண்ணில் ஓட்டச் சொல்லுங்கள். ஓட்டி முடித்ததும் கருவியை முழு உயரத்துக்குத் தூக்கி இன்ஜினை அணைத்துவிட்டு விலையைப் பேசுங்கள். பேச்சு முடிவதற்குள் ரோட்டவேட்டர் தரையைத் தொட்டுவிட்டால், ஹைட்ராலிக் வேலைக்கான செலவை அந்த விலையிலிருந்து கழித்துக்கொண்டே மேற்கொண்டு பேச வேண்டும்.