ஆங்ர் வரைந்த இளைஞனுக்கு ஹட்டனில் ஒரு பிரின்ட்

பாடசாலைச் சித்திர அறையில் மாட்ட ஒரு நல்ல உருவப்படம் தேடிக்கொண்டிருந்தேன். கடைசியில் நான் தேர்ந்தது, பிரெஞ்சு ஓவியர் ஆங்ர் 1807இல் ரோமில் எண்ணெய் வர்ணத்தில் தீட்டிய தன் நண்பர் கிரானேயின் படம். கென்வஸில் அச்சிட்டு பிரேமும் அடித்துத் தரும் ஹட்டன் டவுன் கடை ஒன்றில் கொடுத்தேன். வேலை திருப்தி. தாராளமாகப் போகலாம். ஆனால் ஒரு விஷயத்தில் விட்டுக்கொடுக்காதீர்கள்.

"டீச்சர், மேல ஜெல் அடிச்சாத்தான் ஒயில் பெயின்டிங் மாதிரி இருக்கும்" என்றார் கடைத் தம்பி. தூரிகை இழுத்த மாதிரி வரி வரியாகப் பூசுவார்கள். வான்கோ படத்துக்கு அது பொருந்தலாம். ஆங்ர் டாவிட் என்ற ஓவியரிடம் பயின்றவர். பழைய கிரேக்க, ரோமக் கலையை முன்மாதிரியாகக் கொண்ட அந்த நவசெவ்வியல் ஓவியர்கள் தூரிகைத் தடமே தெரியாமல் மழமழவென்று முடிப்பார்கள். கிரானேயின் கன்னத்தில் வெளிச்சம் எந்த இடத்தில் நிழலாகிறது என்று விரல் வைத்துக் காட்ட முடியாது. அதன் மேல் ஜெல் வரி விழுந்தால் முகமே கெட்டுவிடும். ஜெல் வேண்டாம், நெசவு நுணுக்கமான கென்வஸ், பளபளப்பில்லாத பூச்சு என்று கேட்டேன். தம்பி இரண்டு விதமாகவும் சின்னத் துண்டு அச்சிட்டுப் பக்கத்தில் பக்கத்தில் வைத்தார். பார்த்ததும் அவரே என் பக்கம் வந்துவிட்டார்.

குறை என்றால், முதல் பிரின்டில் வானம் நீலம் தட்டிப்போனது. கிரானேயின் பின்னால் ரோமின் குவிரினால் மாளிகை, அதற்கு மேலே மழை கட்டிய சாம்பல் வானம். ஜூன் மாதத்தில் நாம் பார்க்கிற அதே வானம்தான். அந்த இருட்டு இருந்தால்தான் கழுத்தை மூடிய வெள்ளைக் கொலர் எடுப்பாகத் தெரியும். சொன்னதும் காசு கேட்காமல் திருத்தித் தந்தார்கள்.

இந்தக் கிரானே பிரான்சின் எக்ஸ் என்ற ஊரில் ஒரு மேசனின் மகன். ஆங்ர் அவரைப் பிரபு போல நிமிர்த்தி வைத்திருக்கிறார். அப்பா மேசன் வேலைக்குக் கொழும்பு போயிருக்கிற பிள்ளைகள் என் வகுப்பில் இருக்கிறார்கள். அவர்களுக்கு இதைச் சொல்லியே ஆக வேண்டும். பிற்காலத்தில் கிரானே தன் கலைச் சேகரிப்பை அந்த ஊருக்கே எழுதிவைத்தார். அங்குள்ள அருங்காட்சியகத்துக்கு இன்று அவர் பெயர்தான், மூலப்படமும் அங்கேதான்.

அப்புறம், கென்வஸைச் சட்டத்தில் மடித்து அடிக்கும்போது ஓரம் உள்ளே போய்விடும். கிரானேயின் கையிலிருக்கும் புத்தகத்தில் அவர் பெயர் எழுதியிருக்கிறது, அது வெட்டுப்படாமல் சுற்றிலும் இடம் விடச் சொல்லுங்கள். நம் ஊர் ஈரத்துக்குக் கண்ணாடி போடவே வேண்டாம், பூஞ்சணம் பிடிக்கும். படம் சுவரோடு ஒட்டாமலிருக்க நாலு மூலையிலும் ரப்பர் துண்டு வைத்துத் தருவார்கள், கேட்டால்தான். பிரின்டை விட பிரேமுக்குத்தான் செலவு அதிகம். சம்பள நாட்களில் கூட்டம் தாங்காது, மற்ற நாளில் காலையில் போங்கள்.